கருவில் உள்ள உயிரின் மாண்பு: ஜொகூரில் வழங்கும் சில கூற்றுகளுக்கு மறுப்பு

கருக்கலைப்பு ஒரு பெண்ணின் தனிப்பட்ட முடிவு, கருப்பையில் இருப்பது இன்னும் மனிதராகாத திசு, அதைக் காக்க முனையும் சட்டம் பெண்களை வருத்துவதைத் தவிர வேறெதையும் சாதிப்பதில்லை என்னும் கருத்து, மலேசியாவின் படித்த வகுப்பினரிடையே ஏறத்தாழ மறுகேள்விக்கு இடமில்லாத ஒன்றாக நிலைபெற்று வருகிறது. ஜொகூரில் இக்கருத்துக்கு அண்டை நாடே சான்றாகக் காட்டப்படுகிறது. சிங்கப்பூரில் 1969-இல் இயற்றப்பட்டு 1974-இல் மேலும் தளர்த்தப்பட்ட சட்டம், பெண் எழுத்து மூலம் இசைவு அளித்தால், 24 வாரம் வரையிலான கருவைக் காரணம் எதையும் நிறுவ வேண்டிய தேவையின்றிக் கலைக்க இடமளிக்கிறது. கடற்பாலத்தைக் கடந்து வேலைக்குச் சென்று திரும்பும் ஜொகூர்ப் பெண்களுள் அங்கு வேலை அனுமதி பெற்றோருக்கும் அது பொருந்தும். நீரிணையின் தென்கரையில் உரிமையாக இருப்பது வடகரையில் குற்றமாக இருப்பது பிற்போக்கு என்பதே அவ்வாதத்தின் சாரம். ஆயினும் பத்து வாரக் கரு ஒன்று விடியற்காலைப் பேருந்தில் தாயோடு அந்த நீரிணையைக் கடக்கும்போது அதன் இயல்பில் எதுவும் மாறுவதில்லை. மாறுவது அதைப் பற்றி இரு அரசுகள் எழுதி வைத்திருக்கும் விதி மட்டுமே. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால், எதைப் பற்றிச் சொல்கிறது என்பதே ஆராயத்தக்கது.

மலேசியச் சட்டம் முழுத் தடை விதிப்பதாக எண்ணுவோரும் உளர், அது பிழை. தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு கருச்சிதைவு ஏற்படுத்துவதைக் குற்றமாக்குகிறது என்றாலும், 1989-இல் சேர்க்கப்பட்ட விதிவிலக்கின்படி, கருவுற்ற நிலை நீடிப்பது தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கருக்கலைப்பால் நேரக்கூடியதைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கும் என்று பதிவு பெற்ற மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதினால் அது குற்றமாகாது. இங்கே நல்லெண்ணம் என்பது உரிய கவனத்தோடு ஆராய்ந்து எடுத்த முடிவைக் குறிக்கும். சட்டம் தாயை மறக்கவில்லை. அதேவேளை கலைக்கப்படுவதற்குக் காரணம் தேவை என்று கோருவதன் மூலம், அங்கே இழக்கப்படுவது ஒன்றுமில்லாதது அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறது.

கரு தாயின் உடலில் ஒரு பகுதி என்னும் முதற்கூற்று, உயிரியலின் எளிய உண்மைகளோடு பொருந்தவில்லை. ஆஸ்கர் ஹெர்ட்விக் 1876-இல் கடல் முள்ளெலியின் முட்டையில் விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றிணைவதைக் கண்டறிந்த நாள் முதல், கருவுறுதலோடு ஒரு புதிய உயிரியின் வாழ்வு தொடங்குகிறது என்பது அறிவியலில் நிலைபெற்றுவிட்டது. மனிதக் கருவுக்குத் தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என 46 நிறப்புரிகள், அதாவது மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகள், சேர்ந்து இருவருக்கும் உரியதல்லாத புதிய தொகுதியாக அமைகின்றன. ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் இதயத் துடிப்பை ஸ்கேன் காட்டுகிறது. எட்டாம் வார முடிவில் முக்கிய உறுப்புகளின் அடிப்படை அமைப்பு உருவாகிவிடுகிறது. தாயின் இரத்தம் ரீசஸ் எதிர்மறையாகவும் குழந்தையின் இரத்தம் நேர்மறையாகவும் இருக்கும்போது தாயின் நோயெதிர்ப்பு அமைப்பு அதனை அயலாகக் கண்டு தாக்கக்கூடும் என்பதாலேயே அத்தாய்க்கு ஆன்டி-டி ஊசி போடப்படுகிறது. நலமான எந்த உடலும் தன் உறுப்பை இவ்வாறு அயலாகக் கண்டு தாக்குவதில்லை.

ஜொகூரின் எந்தச் சுகாதாரக் கிளினிக்கிலும் கருவுற்ற பெண் கையில் வைத்திருக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தைப் புரட்டினால், அந்தப் பக்கங்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றிப் பேசுவதைக் காணலாம். ஒருபுறம் தாயின் இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை. மறுபுறம் கருவின் வளர்ச்சி அளவு, இதயத் துடிப்பு. ஆபத்தின் அளவுக்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் புத்தகத்தில் நிற அடையாளம் ஒட்டப்படுகிறது. 28 வாரத்துக்குப் பின் குழந்தையின் அசைவை எண்ணிக் குறிக்கும் அட்டவணை ஒன்று தரப்பட்டு, பன்னிரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தென்படாவிட்டால் உடனே மருத்துவமனைக்கு வரும்படி தாதியர் அறிவுறுத்துகின்றனர். வேண்டிய குழந்தையானால் இவ்வளவு நுணுக்கமாகக் கண்காணிக்கப்படும் அதே உயிர், வேண்டாத குழந்தையானால் திசுவாகிவிடும் என்றால், அங்கே கரு என்ன என்பதைத் தீர்மானிப்பது அதன் இயல்பு அன்று, பிறருடைய விருப்பம். ஒருவருடைய மாண்பைப் பிறர் விருப்பத்தின்மேல் நிறுத்துவது எத்தகைய ஆபத்து என்பதை, ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேற்றப்பட்டு ரப்பர் தோட்டங்களில் தலைக்கணக்காக எண்ணப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கூர்மையான சிலர் இதை ஏற்றுக்கொண்டு, கரு மனித உயிர்தான், ஆனால் தன்னுணர்வு இல்லாததால் அது உரிமைக்குரிய ஆள் அன்று என்பர். பிறந்து மூன்று நாளான சிசுவுக்கும் தன்னுணர்வு இல்லை. ஆஸ்திரேலிய மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் 1979-இல் வெளியிட்ட நூலில் இந்த அளவுகோலை இறுதிவரை கொண்டுசென்று, புதிதாய்ப் பிறந்த சிசுவும் அப்பொருளில் ஆள் அன்று என்ற முடிவுக்கே வந்தார். அவருடைய நேர்மையைப் பாராட்டலாம். முடிவை ஏற்க இயலாது. தாயின் உடலுக்கு வெளியே பிழைக்கும் திறன் வந்த பிறகே உரிமை என்பாரின் அளவுகோலோ, அருகிலுள்ள மருத்துவமனையில் எத்தகைய இன்குபேட்டர் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுவது. ஜொகூர் பாருவில் ஆளாகும் குழந்தை மெர்சிங் கடற்கரைக்கு அப்பாலுள்ள தீவொன்றில் ஆளாகாது என்று கூற நேரும்.

இரண்டாவதாக, இது மதவாதிகள் மற்றவர்மேல் திணிக்கும் கோட்பாடு என்னும் கூற்று வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபை இதில் உறுதியாக நிற்பதும், இஸ்லாமியச் சட்ட மரபு 120 நாள் என்னும் எல்லையைக் கருதி, அதற்குப் பிந்திய கருக்கலைப்பைத் தாயின் உயிரைக் காக்க அன்றி அனுமதிக்காததும் உண்மையே. ஆனால் தமிழர் இக்கருத்தை இரவல் வாங்கவில்லை. ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 34-ஆம் பாடல், மகளிர் கருவைச் சிதைத்தலைப் பசுவின் முலையை அறுத்தலோடு ஒருங்கு வைத்துக் கொடுஞ்செயல்களுள் ஒன்றாக எண்ணுகிறது. அதே பாடல், செய்ந்நன்றி கொன்றவருக்கன்றி ஏனையோருக்குக் கழுவாய் உண்டு என்றும் கூறுவதால், செயலைக் கொடிதென்று கண்ட அக்காலத்தார் செய்தவரை மீட்சியற்றவராகக் கருதவில்லை என்பதும் புலனாகிறது. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் கருவுக்கு மாதந்தோறும் நேரும் இடர்களை வரிசைப்படுத்தி, அவற்றிலிருந்து பிழைத்துவந்த உயிரைப் பற்றிப் பேசுகிறார். கருவில் இடர்ப்பட்டதும் பின்னர்ப் பிறந்து வளர்ந்ததும் ஒரே உயிர் என்பது அங்கே வாதிட வேண்டாத அடிப்படையாக நிற்கிறது. சமயச் சார்பற்ற சட்டமும் இதையே வேறு வழியில் அறிந்திருக்கிறது: மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 275-ஆவது பிரிவின்படி கருவுற்ற பெண்ணுக்கு மரண தண்டனை விதிக்கலாகாது. குற்றம் புரியாத ஓர் உயிர் அங்கே இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் காண்பது கடினம்.

மூன்றாவது கூற்றே மக்களிடம் மிகுந்த செல்வாக்குப் பெற்றது: இது பெண்ணின் தேர்வு, பிறர் தலையிடலாகாது. இத்தேர்வு வரலாற்றில் யாருடையதாக இருந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. சிங்கப்பூரில் கருக்கலைப்புச் சட்டம் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டின் துணைக் கருவியாகவே வளர்ந்தது; 1972-இல் தொடங்கிய இரண்டோடு நிறுத்து இயக்கத்தின்போது, கூடுதல் பிள்ளை பெற்றவருக்கு மகப்பேற்றுக் கட்டணம் உயர்ந்தது, பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை குறைந்தது. 1985-இல் ஆண்டுக்கு 23,000-ஐத் தாண்டிய கருக்கலைப்புகள் நிகழ்ந்த அந்நாடு, பிறப்பு விகிதம் சரிந்ததும் 1987-இல் கொள்கையைத் திருப்பி, வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுமாறு மக்களை வேண்டியது. 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 குழந்தை என்னும் நிலைக்கு வந்துவிட்டது. அரசு வேண்டாம் என்றபோது வேண்டாததாகவும் வேண்டும் என்றபோது வேண்டியதாகவும் கரு ஆனதில், பெண்ணின் தேர்வு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் நிலை இதனினும் கசப்பானது. சேலத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்டதால் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. கொலை பிறப்புக்குப் பின்னிருந்து பிறப்புக்கு முன்னே நகர்ந்தபோது, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தை 1994-இல் இந்திய நாடாளுமன்றம் இயற்ற வேண்டியதாயிற்று. எனினும் 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் ஆறு வயது வரையிலான ஆயிரம் சிறுவருக்கு 919 சிறுமியரே இருந்தனர். பெண் கருவைப் பெண் என்பதற்காகக் கலைப்பது அநீதி என்பதில் எல்லாரும் உடன்படுகின்றனர். கலைக்கப்பட்டது வெறும் திசு என்றால் அந்த அநீதி யாருக்கு இழைக்கப்பட்டது? பெண் குலம் முழுவதற்கும் இழைக்கப்பட்ட அவமதிப்பு என்ற விடை உண்மையே. ஆனால் அது பிறவாமலே போன அந்தச் சிறுமியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

ஜொகூரின் தொழிற்சாலைகளில் உழைக்கும் வெளிநாட்டுப் பெண்களிடத்தில் தேர்வு என்பது இன்னும் சுருங்கிவிடுகிறது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கான மருத்துவப் பரிசோதனையில் கருத்தரிப்புச் சோதனையும் அடங்கும். கருவுற்றிருப்பது தெரிந்தால் வேலைக்குத் தகுதியற்றவராக்கப்பட்டு நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படலாம். ஊரில் வாங்கிய கடனோடு வந்த பெண்ணின் முன்னே பிள்ளையா பிழைப்பா என்று வைக்கப்படும் நிலையைச் சுதந்திரம் என்று அழைக்க முடியாது. 2014-இல் பினாங்கில் நேப்பாளத் தொழிலாளி ஒருவர் ஆறு வாரக் கருவைக் கலைத்ததற்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றதும், உயர் நீதிமன்றம் பின்னர் அத்தீர்ப்பை ரத்துச் செய்ததும் இங்கே நினைக்கத்தக்கவை. அப்பெண்ணைச் சிறையிலிட்டது கருவின் மாண்பைக் காத்ததாகாது. அவரைப் போன்றோரை அந்நிலைக்குத் தள்ளும் விதி இன்றும் நீடிக்கிறது. கருவுயிரைக் காக்க விரும்புவோர் முதலில் எதிர்க்க வேண்டியது அந்த விதியையே.

நான்காவதாக, கருக்கலைப்பு எளிதானால் குழந்தைகள் குப்பைத்தொட்டியில் வீசப்படுவது நிற்கும் என்பர். 2010 முதல் 2019 வரையிலான காலத்தில் மலேசியக் காவல் துறை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தை வீசல் சம்பவங்களைப் பதிவு செய்தது; கண்டெடுக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் உயிருடன் இல்லை. துயரம் உண்மை, பரிந்துரைக்கப்படும் மருந்துதான் பொருந்தவில்லை. ஜப்பானில் கருக்கலைப்பு 1948 முதல் சட்டபூர்வமானது. இருந்தும் 2007-இல் குமாமோத்தோ நகர மருத்துவமனையில் கைவிடப்படும் குழந்தைகளை ஏற்கும் சாளரம் திறக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியிலும் அவ்வாறே 2000-இல் ஹம்பர்க் நகரில் அது தொடங்கியது. குழந்தையை வீசும் பெண் பெரும்பாலும் கருவுற்றதை வீட்டாரிடமும் சில வேளை தன்னிடமுமே மறைத்து, கழிவறையில் தனியே பிரசவித்தவள். கிளினிக்கை நாடும் துணிவும் துணையும் இருந்திருந்தால் அந்நிலைக்கே வந்திருக்க மாட்டாள். அவளைத் தள்ளியது ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சமும், கருவுறச் செய்தவன் கைகழுவியதும்.

ஆர்ஃபன்கேர் அறக்கட்டளை 2010-இல் பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கி, பின்னர் ஜொகூர் பாருவிலும் அமைத்த பேபி ஹேட்ச் எனப்படும் குழந்தை ஒப்படைப்புச் சாளரம் இந்த அச்சத்துக்கு நேரடியாக விடை தருகிறது. உள்ளே இருக்கும் சிறு கட்டிலில் குழந்தையைக் கிடத்திக் கதவைச் சாத்தினால், உள்ளே இருக்கும் பராமரிப்பாளருக்கு மணி ஒலிக்கிறது. வைத்தவர் யார் என்று கேட்கப்படுவதில்லை. அச்சாளரத்தில் கிடத்தப்பட்ட சிசுவின் மாண்பை இன்று எவரும் ஐயுறுவதில்லை. ஒரு நாள் முன்பு, அதே சிசு தாயின் வயிற்றில் இருந்தபோது அம்மாண்பு எங்கே இருந்தது என்பதற்கு எதிர்த்தரப்பு விடை கூறியாக வேண்டும்.

தடை பெண்களைக் கொல்கிறது என்னும் கூற்றை விரைவில் தீர்க்கலாம். விடுதலை பெற்ற காலத்தில் ஒரு லட்சம் பிறப்புக்கு 250-க்கு மேலிருந்த மலேசியாவின் தாய் இறப்பு விகிதம், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், கிராமப்புறக் கிளினிக்குகள், இரத்த வங்கிகள், மருத்துவமனைப் பிரசவம் ஆகியவற்றால் 30-க்கும் கீழே இறங்கியது. வேண்டியபோதெல்லாம் கருக்கலைப்பு என்னும் சட்டம் இல்லாமலேயே இது நிகழ்ந்தது.

வன்புணர்வால் உண்டான கரு பற்றிய கேள்வி இவை எல்லாவற்றினும் கடினமானது. அதை எளிதாக்கிப் பேசுவோர் எத்தரப்பினராயினும் அப்பெண்ணை அவமதிக்கின்றனர். அவள்மேல் இழைக்கப்பட்ட கொடுமையின் சுமையை அவளே ஒன்பது மாதம் தாங்க வேண்டியதாவது அநியாயம் என்பதை மறுக்க இயலாது. எனினும் தந்தையின் குற்றத்துக்குப் பிள்ளையைத் தண்டிப்பதில்லை என்பது நீதியின் பழைய நெறி. கருக்கலைப்பு நடந்ததை மறையச் செய்வதுமில்லை. அப்பெண்ணுக்கு உரியது விரைந்த விசாரணை, நீண்டகால மனநல மருத்துவம், பழிச்சொல் இல்லாத தங்குமிடம், தடைபடாத படிப்பு. மலாக்காவின் ஜாசினில் 2010-இல் கருவுற்ற மாணவியருக்கெனத் தொடங்கப்பட்ட செகோலா ஹராப்பான் போன்ற ஏற்பாடு எல்லாச் சமயத்தாருக்கும் ஜொகூரில் வேண்டும்.

இறுதியாக, கருவுயிர் காப்போர் பிறப்புவரைதான் பரிவு காட்டுகின்றனர் என்னும் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. அதை மறைப்பதால் பயனில்லை. 2023 முதல் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்ததும், கருவுற்ற ஊழியரைப் பணிநீக்கம் செய்யக் கட்டுப்பாடு வந்ததும் கருவுயிர்க்கு உண்மையான காவல். கூட்டரசு அரசமைப்பின் இரண்டாம் அட்டவணையில் உள்ள 19பி பிரிவு, கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்படும் புதுச் சிசு, மாறாக நிறுவப்படும்வரை, அவ்விடத்தில் நிரந்தரமாக வாழும் தாய்க்குப் பிறந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது. அதைத் திருத்த அரசு முன்வைத்த யோசனை 2024-இல் பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. பிரிவு பிழைத்திருக்கிறது, ஆனால் தத்தெடுத்த பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டுத் தேசியப் பதிவுத் துறையின் முகப்பிடங்களில் பெற்றோர் இன்றும் நிற்கின்றனர்; கருவுயிரின் மாண்பைப் பேசுவோர் அவர்களோடு போய் நிற்க வேண்டிய இடம் அது.