கேட்காமல் விட்ட துக்கம்

நம் பக்கம் சாவுக்கு யாரும் பத்திரிகை வைத்து அழைப்பதில்லை. சேதி காதில் விழுந்தால் கிளம்பிவிட வேண்டும். பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகூட வந்து வாசலில் நிற்பார். இழவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுக் காப்பி வரும், சம்பந்தி வீட்டுச் சோறு வரும். யார் உள்ளே நுழைந்தாலும் இறந்தவரின் கடைசி நாள் முதலிலிருந்து சொல்லப்படும்: எப்போது மூச்சு வாங்கியது, என்ன கேட்டார், யார் மடியில் தலை இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குள் அதைப் பலமுறை சொல்லிச் சொல்லித்தான், ஆள் போய்விட்டார் என்பதை அந்த வீடே நம்பத் தொடங்கும்.

2020லும் 2021லும் கொரோனாவில் இறந்தவர்களின் வீடுகளுக்கு நாம் இதில் எதையும் செய்யவில்லை.

சட்டம் தடுத்தது உண்மை. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். உறையில் சுற்றிய உடல் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குப் போனது. முகம் பார்க்க முடியவில்லை, வாய்க்கரிசி போட முடியவில்லை. இதற்கெல்லாம் கிருமியையும் அரசையும் கைகாட்டலாம். ஆனால் 2020 ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் இறந்தபோது, அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தவர்கள் சாதாரண ஜனங்கள். ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது. கூட இருந்த மருத்துவ நண்பர் அந்த இரவில் தானே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் சைமனை மறுபடி அடக்கம் செய்வதற்காக அவர் மனைவி உயர் நீதிமன்றம் வரை போனார். அடக்கத்தைத் தடுத்தால் சிறை என்று அவசரச் சட்டம் போடும் நிலைக்கு அரசைக் கொண்டுபோனவர்கள் நாம்.

கல்லெறியாத நாம் கதவைச் சாத்திக்கொண்டோம். எத்தனையோ உடல்களைச் சாதி மதம் பாராமல் தூக்கிச் சென்றவர்கள் தன்னார்வலர்கள்; அவர்களில் பலர் இஸ்லாமிய இளைஞர்கள். இறந்தவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நாம் மாடியிலிருந்து பார்த்தோம்.

பயத்தில் செய்ததை மன்னிக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். பயம் போன பிறகு? தடைகள் நீங்கின. தள்ளிப்போன கல்யாணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் போய் மொய் எழுதினோம். தள்ளிப்போன துக்கத்தைக் கேட்கப் போகவில்லை. நம் வழக்கத்தில் அதற்கு இடமில்லாமல் போய்விடவில்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பினாலும் பெட்டியை வைத்த கையோடு அந்த வீட்டுக்குப் போவார். அன்றைக்குத்தான் சாவு விழுந்ததுபோல எல்லோரும் சேர்ந்து அழுவார்கள். நாமோ ஒரே தெருவில் இருந்தோம். செவ்வாய், வெள்ளி என்று நாள் பார்த்தோம். பிறகு, ஆறின புண்ணை ஏன் கீற வேண்டும் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஆறியதா என்று போய்ப் பார்த்தவர் யார்?

தமிழ்நாட்டில் அரசுக் கணக்கிலேயே 38,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 50,000 ரூபாய் நிவாரணத்துக்காகச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைந்த பெண்ணிடம், பணம் வந்துவிட்டதா என்று மட்டும் விசாரித்தோம். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் அரசு 5 லட்சம் ரூபாய் வைப்பு வைத்தது. அந்தப் பிள்ளையிடம் அதன் அம்மாவைப் பற்றிப் பேச, அவளோடு தினமும் குழாயடியில் நின்ற நமக்கு வாய் வரவில்லை.

இப்போதும் போகலாம். ஆறுதல் வார்த்தை எதையும் யோசித்து வைக்க வேண்டாம். உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று கேட்டால் போதும். 2021 மே மாதத்தில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸிலேயே காத்திருந்த ராத்திரியை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோபப்படுவார்கள். அன்றைக்கு எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்பார்கள். கேட்கட்டும். எழுந்து வந்துவிடாமல் அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.