கண்ணாடியில்லாக் காமிரா: படமும் வீடியோவும் ஒன்றில் அடங்குமா?

கல்யாணம் என்றால் போட்டோக்காரர் ஒருவர், வீடியோக்காரர் ஒருவர் என்று இருவர் வருவது நம் நாட்டில் வெகுநாளைய வழக்கம். இருவருக்கும் தனித்தனிக் கருவி, தனித்தனிக் கூலி. மணமேடையின் முன்னால் நிற்கும் இடத்துக்காகச் சில சமயம் இருவருக்கும் சிறு பூசலும் உண்டு. இப்போது ஒரே கருவி இரண்டு வேலையையும் செய்யும் காலம் வந்துவிட்டது. ‘மிரர்லெஸ்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் கண்ணாடியில்லாக் காமிராதான் அந்தக் கருவி.

சென்னையில் இது பொழுதுபோக்குக்காரர்களின் விஷயமாக இருக்கலாம். கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் இது பிழைப்பைப் பற்றிய விஷயம். 2019 நவம்பர் 26ந் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்தச் சீமையில், சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவிலூர் என்று எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு ஸ்டூடியோ கண்ணில் படும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேகம் ஆகியவையே அவற்றின் ஜீவனம். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் விசேஷம் என்றால், பெரும்பாலும் கீழே இருந்துதான் காமிரா மேலே போகவேண்டும். இத்தகைய ஸ்டூடியோக்காரர் ஒருவர் இன்று புதுக் காமிரா வாங்குவதென்றால் நகையை வைத்தோ, தவணைக்கு எழுதிக்கொடுத்தோதான் வாங்குவார். தேர்வில் பிசகினால் நஷ்டம் ஒரு மாதத்தோடு போகாது. ஆகவே எதைப் பார்த்து வாங்குவது என்பது ஆராயத்தக்க கேள்வியே.

கண்ணாடி ஏன் போயிற்று?

பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடி சாய்ந்து நிற்கும். வெளிச்சத்தை மேலே திருப்பிக் கண் வைக்கும் துவாரத்துக்கு அனுப்புவது அதன் வேலை. படம் எடுக்கும் கணத்தில் அது மேலே எழும். உணர்தகட்டின் மீது வெளிச்சம் விழும். அசையாப் படத்துக்கு இது அருமையான ஏற்பாடு. வீடியோ எடுக்கும்போதோ கண்ணாடி எழுந்தபடியே நிற்க வேண்டும். அப்போது பார்க்கும் துவாரம் இருண்டுவிடும். குவியத்தை வேகமாகச் சரிசெய்யும் உறுப்பும் வெளிச்சமின்றிச் செயலற்றுப் போகும். 2008ல் நிக்கான் டி90, கானன் 5டி மார்க் 2 ஆகியவை எஸ்.எல்.ஆரில் வீடியோவைப் புகுத்தின. ஆனாலும் அது ஒட்டுப் போட்ட சௌகரியமாகவே இருந்தது.

அதே 2008ல் பானசோனிக் ஜி1 என்னும் கண்ணாடியில்லாக் காமிரா வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதில் வீடியோவே கிடையாது. மறு ஆண்டு ஜிஎச்1 அந்தக் குறையை நீக்கிற்று. கண்ணாடி போனதும் உணர்தகடு எப்போதும் விழித்தே இருக்கிறது. நாம் காண்பதும், குவியம் பார்ப்பதும், பதிவாவதும் அந்த ஒன்றிலேயே. ஆகையால் படத்துக்கும் வீடியோவுக்கும் இருந்த சுவர் இடிந்தது. 2013ல் சோனி முழு அளவு உணர்தகட்டுடன் ஏ7 காமிராவைக் கொணர்ந்தது. 2018ல் நிக்கானும் கானனும் அதே வழியில் இறங்கின.

சந்தையின் போக்கு

ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010ல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல். 2024ல் அது சுமார் 85 லட்சம். இடையில் விழுங்கியது கைப்பேசி. எஞ்சிய சந்தையில் 2020லேயே கண்ணாடியில்லாதவை எஸ்.எல்.ஆரை முந்திவிட்டன, 2024ல் முன்னவை சுமார் 56 லட்சம், பின்னவை சுமார் 10 லட்சம். பழைய வகையில் புது லென்ஸோ புது உடலோ இனி வருமென்று நம்பி இருப்பதற்கில்லை.

இப்படி ஒரு திருப்பம் இத்தொழிலுக்குப் புதிதல்ல. உதகமண்டலத்தில் 1960ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் சுருள் செய்து நாடெங்கும் அனுப்பிற்று. பிலிம் போனதும் அந்தத் தொழிற்சாலையும் போயிற்று. இருட்டறையில் படம் கழுவத் தெரிந்தவர்களின் திறமைக்கு அன்றோடு விலையில்லாமற் போனதையும் பார்த்தோம்.

வரியையும் சொல்லவேண்டும். 2017ல் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2019 ஜனவரி முதல் காமிராவுக்கு 18 சதவீதமாகக் குறைந்தது. 2025 செப்டம்பரில் வரி அடுக்குகள் மாற்றப்பட்டபோதும் அங்கேயே நின்றது. பெரிய நிறுவனம் இந்த வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளும். ஆண்டுக்கு 20 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட வரவுள்ள, பதிவு செய்யாத சிறு ஸ்டூடியோவுக்கு அது முடியாது. ஒரு லட்ச ரூபாய்க் கருவிக்கு 18,000 ரூபாய் முழுவதும் அவர் தலையில்தான்.

படத்துக்கு எது போதும்?

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது ‘எத்தனை மெகாபிக்ஸல்’ என்ற பேச்சு. இதைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம். கல்யாண ஆல்பத்தில் பெரியது, விரித்தால் 12க்கு 36 அங்குலம். அதில் ஒரு பக்கம் 12க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் உயர்ந்த அச்சுத் தரத்தில் அதற்கு வேண்டியது 3,600க்கு 5,400 புள்ளி, அதாவது 2 கோடிக்குச் சற்றுக் குறைவு. 24 மெகாபிக்ஸல் காமிரா தருவது 6,000க்கு 4,000. ஆகவே ஒரு பக்கம் நிறைந்த படத்துக்கு அது தாராளமாகப் போதும். 45 மெகாபிக்ஸல் வாங்கினால் கார்டும் ஹார்டு டிஸ்கும்தான் விரைவில் நிறையும்.

வீடியோவுக்கும் இந்த 24 நல்ல எண்ணிக்கையே. 4கே வீடியோவின் அகலம் 3,840 புள்ளி. 6,000 புள்ளி அகலத்தில் வாங்கி அதை 3,840க்குச் சுருக்கினால் படம் கூர்மையாகிறது. கானன் ஆர்6 மார்க் 2, பானசோனிக் எஸ்5 2, நிக்கான் இஸட்6 3 ஆகியவை ஏறக்குறைய இந்த அளவிலேயே அமைந்திருப்பது தற்செயல் அல்ல.

சுருங்கச் சொன்னால், இன்று வரும் நடுத்தர விலைக் காமிரா எதுவும் அசையாப் படத்தில் ஏமாற்றாது. சோதனையெல்லாம் வீடியோவில்தான். ஆதலால் இரண்டுக்கும் சேர்த்து வாங்குபவர் வீடியோவில் எது எப்போது கைவிடும் என்று முதலில் பார்க்கவேண்டும்.

வீடியோவே உரைகல்

முதலாவது உஷ்ணம். ஓயாது விழித்திருக்கும் உணர்தகடு சூடாகும். பல காமிராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை என்றே வேலை செய்யும் உஷ்ணநிலை குறிக்கப்பட்டிருக்கும். சித்திரை வைகாசி முகூர்த்தங்களில் கள்ளக்குறிச்சிச் சமவெளியில் தகரப் பந்தலின் கீழ், விளக்கு வெளிச்சத்துக்கு எதிரில் அந்த எல்லை எவ்வளவு தூரம் என்று வாசகர்களே அறிவார்கள். 2020ல் வந்த கானன் ஆர்5 உயர்தர வீடியோவில் சூடேறி நின்றுபோவதாக உலகெங்கும் பேச்சாயிற்று. 2023ல் வந்த எஸ்5 2 காமிராவினுள் சிறு விசிறியே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது நேரம். சில காமிராக்கள் 29 நிமிஷம் 59 விநாடியில் தாமாகவே பதிவை நிறுத்திவிடும். சோனி ஏ7 3, முதல் கானன் ஆர்6 ஆகியவற்றில் இந்த வரம்பு உண்டு. 30 நிமிஷத்துக்கு மேல் பதிவு செய்யும் கருவியை வீடியோ காமிரா என்று வகைப்படுத்தி அதிக வரி போட்ட ஐரோப்பியச் சுங்க விதியிலிருந்து பிறந்த வழக்கம் இது. ஐரோப்பாவின் சுங்கத்துக்கும் சங்கராபுரத்துத் தாலிகட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கவனிக்காவிட்டால் கெட்டிமேளம் கொட்டும் கணத்தில் பதிவு நின்றுபோகும், அதுதான் சம்பந்தம். புதியவை பலவற்றில் இவ்வரம்பு நீங்கிவிட்டது. பழைய காமிராவைக் கைமாற்றில் வாங்குவோர் கட்டாயம் கேட்கவேண்டும்.

மூன்றாவது கார்டு. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜி.பி. விழுங்கும். கார்டு கெட்டால் தாலிகட்டு மறுபடி வராது. ஆகவே ஒரே சமயத்தில் இரண்டு கார்டிலும் எழுதும் வசதி, இருபது நாள் கூலியை மிச்சப்படுத்தும் எந்தத் தள்ளுபடியையும்விட மேலானது.

நான்காவது ஓசை. நாதஸ்வரமும் தவிலும் எழும்பினால் காமிராவோடு பிறந்த மைக் திணறும். வெளி மைக் செருகவும், காதில் வைத்துக் கேட்கவும் இரண்டு துளைகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நலம்.

விளக்கும் மின்சாரமும்

நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. சாதாரண விளக்கு அதனால் விநாடிக்கு 100 முறை மங்கித் துலங்கும். கண்ணுக்குத் தெரியாத இது காமிராவுக்குத் தெரியும். வீடியோவுக்கு விநாடிக்கு 25 சட்டம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் விளக்கோடு ஒத்துப்போகும். அமெரிக்க வழக்கமான அறுபதில் ஒரு பங்கு வைத்தால் கோடுகள் நெளியும். அசையாப் படத்துக்கோ அட்சதை தூவும் கை கலங்காமலிருக்க இருநூறில் ஒரு பங்காவது வேண்டும். ஒரே காமிராவில் இரண்டு வேலையையும் மாற்றி மாற்றிச் செய்பவர் ஒவ்வொரு தடவையும் இதை மாற்ற மறப்பார். மறந்தால் பதிவு கெடும். ஆகவே படத்துக்கும் வீடியோவுக்கும் தனித்தனி அமைப்பை நினைவில் வைத்து, ஒரு விசைத் திருப்பலில் மாறும் காமிராவே இவ்வேலைக்கு லட்சணமானது. சோனி ஏ7 4, கானன் ஆர்6 மார்க் 2 ஆகியவற்றில் அத்தகைய தனி விசை உண்டு.

இன்னொன்று: எல்.இ.டி. சரவிளக்கின் கீழ் மின்னணு ஷட்டரில் படம் எடுத்தால் முகத்தில் பட்டை பட்டையாக இருள் விழக்கூடும். வீடியோவை முதன்மையாகக் கொண்டு செய்யப்பட்ட சில மலிவுக் காமிராக்களில், சோனி இஸட்வி-இ10 2 உள்பட, யந்திர ஷட்டரே இல்லை. யூடியூபுக்கு அது குறையல்ல. கல்யாண மண்டபத்தில் குறைதான்.

லென்ஸ் என்னும் பழைய சொத்து

உடல் ஐந்தாறு ஆண்டில் பழசாகும். லென்ஸ் இருபது ஆண்டு உழைக்கும். கையில் கானன் ஈ.எஃப். லென்ஸ்கள் இருந்தால் ஓர் இணைப்பு வளையத்தின் மூலம் புது உடலில் அவை நன்றாகவே வேலை செய்யும். நிக்கானிலும் வளையம் உண்டு. ஆனால் பழைய ஏ.எஃப்.-டி வகை லென்ஸ்கள் நிக்கானின் வளையத்தில் தானாகக் குவியம் பார்க்கா. புதிதாகத் தொடங்குகிறவர், எந்த ஏற்பாட்டில் பிற கம்பெனி லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று பார்க்கவேண்டும். சோனி அடிப்படை விவரங்களை 2011லேயே திறந்துவிட்டது. கானனோ 2024ல்தான் சிறு உணர்தகட்டு வகைக்குச் சிக்மா, டாம்ரான் லென்ஸ்களை அனுமதித்தது.

மலையேறுகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை ஒன்று. கோமுகி அணையைத் தாண்டி மேலே போனால் மழைக்காலத்தில் மூடுபனி. மேகம் அருவியருகே சாரல். குளிர்ந்த காமிராவைக் கீழே கொணர்ந்து கச்சிராயபாளையத்து வெக்கையில் உடனே பையைத் திறந்தால் லென்ஸில் நீர் பூக்கும். அது உலராமல் கிடந்தால் பூஞ்சை. பையை மூடியபடியே சிறிது நேரம் வைத்துத் திறப்பதும், சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதும் செலவில்லாத வைத்தியம்.

ஆள் ஒருவரா, இருவரா?

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி இதுதான். கருவி ஒன்றானதால் ஆளும் ஒருவர் போதும் என்று கல்யாண வீட்டார் பலர் நினைக்கிறார்கள். கூலியையும் அவ்வாறே பேசுகிறார்கள். ஆனால் தாலி கட்டும் அந்த நொடியில் காமிரா ஒன்று வீடியோ ஓடிக்கொண்டிருக்கும், அல்லது படம் எடுக்கும். ஓடும் வீடியோவிலிருந்து ஒரு சட்டத்தைப் பிரித்து ஆல்பத்தில் போடலாமே என்பார்கள். 4கே சட்டம் ஒன்று 83 லட்சம் புள்ளி மட்டுமே; மேலும் ஐம்பதில் ஒரு பங்கு வேகத்தில் அசையும் கை கலங்கியிருக்கும். ஆல்பத்தின் பெரிய பக்கத்துக்கு அது தாங்காது.

ஆகவே இரண்டரை லட்சம் போட்டு ஒரே உயர்ந்த உடல் வாங்குவதைவிட, அதே பணத்துக்குள் நடுத்தர உடல் ஒன்றும், அதே வகை லென்ஸ் ஏற்கும் கைமாற்று உடல் ஒன்றும் வாங்கி இரண்டு பேராக நிற்பதே எங்கள் அபிப்பிராயத்தில் உத்தமம். ஒன்று கெட்டாலும் மற்றொன்று முகூர்த்தத்தைக் காப்பாற்றும். ஒன்று முக்காலியில் இடைவிடாது வீடியோ ஓட, மற்றொன்று கையில் சுழன்று படம் எடுக்கும். இரண்டும் ஒரே வகையானதால் லென்ஸும் பேட்டரியும் கூடியவரை பொது.

வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து மூன்று சோதனை செய்து பார்க்கலாம். நண்பகல் வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஒரு மணி நேரம் இடைவிடாது பதிவு ஓடுகிறதா? மண்டபத்து விளக்கில் பட்டை விழாமல் படம் வருகிறதா? படத்திலிருந்து வீடியோவுக்கும், மறுபடி படத்துக்கும் மாற எத்தனை விநாடி ஆகிறது? இந்த மூன்றிலும் தேறியதே நம் ஊருக்கேற்ற காமிரா. கம்பெனியின் பெயர் எதுவானாலும் பாதகமில்லை.

2021ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தை உலகுக்குக் காட்டவும், கல்வராயன் மலை மக்களின் திருவிழாவைப் பதிவு செய்யவும் இந்த ஊர்க் காமிராக்காரர்களே முதலில் வேண்டப்படுபவர்கள். அவர்கள் கடனில் மூழ்காமல் தொழில் நடத்துவது அவர்களுக்கு மட்டுமான காரியமன்று. அடுத்த தை மாதத்தில் கல்யாணம் பேசப் போகும் வீட்டார் ‘எந்தக் காமிரா?’ என்று கேட்பதோடு ‘எத்தனை பேர் வருகிறீர்கள்?’ என்றும் கேட்டு, இருவருக்கும் உரிய கூலியைப் பேசுவார்களாக.