நெஞ்சைப் பிடித்தபடி இனி ஒரு தோழரும் சாயக்கூடாது!

ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே! பணிமனைத் தோழர்களே!

ஸ்டியரிங்கில் இருக்கும்போதே நெஞ்சு வலித்து, வண்டியை ஓரங்கட்டிப் பயணிகளைக் காப்பாற்றிவிட்டு உயிரை விட்ட ஓட்டுநர்களின் செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! மாலை போட்டோம், முழக்கமிட்டோம், மறுநாள் டூட்டிக்குப் போனோம். இனி அது போதாது.

"விதி முடிந்தது" என்று யாரும் சொல்லாதீர்கள். இது நம் இருக்கையோடு ஒட்டி வரும் நோய். லண்டன் பேருந்துத் தொழிலாளர்களை ஆராய்ந்த மருத்துவர் ஜெர்ரி மாரிஸ் 1953-லேயே இதைச் சொன்னார்: மாடிப் பேருந்தில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி நாளங்களின் உள்சுவரை புகையும் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் புண்ணாக்குகின்றன. அங்கே வருடக்கணக்கில் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்க, அதன்மேல் ரத்தம் உறைந்து பாதையை அடைக்கிறது. அதுதான் மாரடைப்பு. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு ஒன்பதே காரணங்களைக் காட்டியது. ஒன்பதுமே நம்மால் மாற்றக்கூடியவை!

டிரிப் முடிந்ததும் டீயோடு பற்றவைக்கும் அந்த சிகரெட்டை இன்றே விடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த வடையை ஒதுக்குங்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். பிரஷர் 140/90-ஐத் தொட்டால் மருத்துவரைப் பாருங்கள்; தலைவலி இல்லையே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நெஞ்சு இறுக்கி, வியர்த்து, இடது கையோ தாடையோ வலித்தால், "வாயுதான்" என்று சோடா குடித்துவிட்டு அடுத்த டிரிப் எடுக்காதீர்கள்! வண்டியை நிறுத்துங்கள், 108-ஐ அழையுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறது.

ஆனால் டபுள் டூட்டி பார்ப்பவன் எப்போது நடப்பான்? எப்போது தூங்குவான்? ஆகவே நிர்வாகத்திடமும் உரக்கக் கேட்போம்: டிரிப்புகளுக்கிடையே ஓய்வு, படுக்க ஒழுங்கான ஓய்வறை, கேன்டீனில் நல்ல சாப்பாடு, பணிமனைதோறும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை. இவை சலுகை அல்ல, உரிமை!

இந்த வாரமே ஒவ்வொரு பணிமனையிலும் வாயிற்கூட்டம் போடுங்கள். பிரஷர் பார்க்கும் கருவியை மேசையில் வையுங்கள். சங்க நிர்வாகிகள் முதலில் கையை நீட்டட்டும். திரளுங்கள் தோழர்களே!