தேய்ந்தது எது?



மரத்தில் சித்திரவேலை செய்யும் சிறு இயந்திரம் நின்றுபோனால், மோட்டார் எரிந்துவிட்டதென்று அநேகர் தீர்மானித்துவிடுகிறார்கள். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். ஒயரையும் சுவிட்சையும் சோதியுங்கள். பின்பு கார்பன் பிரஷ்களை வெளியே எடுத்துப் பாருங்கள். சுழலும் காமுட்டேட்டரை உரசி மின்சாரத்தை உள்ளே கடத்துபவை அவையே. உரசுவதால் தேய்வது அவற்றின் இயல்பு. குட்டையாகிவிட்டால் தொடர்பு அற்றுப்போகும். அதே அளவுள்ள புது ஜோடியைப் பொருத்தினால் பெரும்பாலும் மோட்டார் மீண்டும் ஓடும். எரிந்த வாடை வீசினால் காயிலைச் சந்தேகியுங்கள்.

நின்றதெல்லாம் முடிந்ததல்ல. சூளூர்பேட்டைக்கு அடுத்த ஸ்ரீஹரிகோட்டாவில், 2001 மார்ச் 28 அன்று ஜிஎஸ்எல்வி ராக்கெட் புறப்படும் கணத்தில், ஓர் எஞ்சினில் உந்துவிசை குறைந்ததால் கணினி அதை நிறுத்தியது. ராக்கெட்டை ஒருவரும் தள்ளிவிடவில்லை. பழுதைக் கண்டறிந்து, மாற்றவேண்டியதை மாற்றினார்கள். ஏப்ரல் 18 அன்று அது விண்ணேறியது.

பட்டணத்திற்குப் பிழைக்கவந்த குடும்பங்களில், ஷிப்ட் வேலையினால் கணவனும் மனைவியும் பேசுவதே நின்றுபோவதுண்டு. அன்பே செத்துவிட்டதென்று தீர்ப்புச் சொல்லாதிருங்கள். ஒருமித்த ஜெபமா, ஒன்றாய் உண்ணும் வேளையா, தேய்ந்தது எதுவென்று இன்றிரவே பாருங்கள். மரத்தில் சித்திரம் செதுக்குவதற்கும் பெசலெயேலைத் தம் ஆவியினால் நிரப்பின தேவன் (யாத். 31) உங்கள் இல்லத்தையும் சீர்ப்படுத்துவாராக. ஆமென்.