ஆசிரியைக்கு யார் கற்றுக்கொடுப்பது?



பிள்ளைக்குப் புலமைப்பரிசில் என்றால் நம் வீடுகளில் எல்லோருக்கும் விளங்கும். ஆசிரியருக்கும் நிதியுதவி உண்டு என்றால் புருவம் உயர்கிறது. "சம்பளம் எடுப்பவருக்கு எதற்கு உதவி?" என்று சென்ற மாதம் ஒரு தாய் என்னிடமே கேட்டார். நானும் ஆசிரியன் என்பதால் கேள்வி கொஞ்சம் சுட்டது.

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கினார்கள். பணமில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பது அவர்களது கவலை. ஆனால் பிள்ளையைப் பாடசாலை வாசல்வரை சேர்த்தால் போதுமா? உள்ளே நிற்பவர் இருபது வருடத்துக்கு முன் படித்ததையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் கொடுத்த பணமும் பாதி வீண்தான்.

முன்பெல்லாம் ஆசிரியர் பயிற்சி மேலிருந்து படிப்படியாக இறங்கி வரும். மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் சிலருக்குப் பயிற்சி கொடுக்கும். அவர்கள் வலயத்து ஆசிரிய ஆலோசகர்களுக்குச் சொல்வார்கள். அவர்கள் நமக்குச் சொல்வார்கள். கிணற்றடியில் இறைத்த நீர் கடைசிப் பாத்திக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதைத் தோட்டம் செய்யும் யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நானும் அந்தக் கருத்தரங்குகளில் இருந்திருக்கிறேன். கையொப்பம், தேநீர், ஒரு கட்டுத் தாள், பிறகு வீடு.

உலக வங்கி 2011 இல் ஒப்புக்கொண்ட 10 கோடி டொலர் கல்வித் திட்டத்திலும், 2018 இல் வந்த இன்னொரு 10 கோடி டொலர் திட்டத்திலும் பாடசாலை மட்ட ஆசிரியர் அபிவிருத்திக்கு இடம் கிடைத்தது. அதாவது, ஆசிரியர்கள் தங்கள் பாடசாலையிலேயே கூடி, தமக்கு எதில் குறை என்று தாங்களே பார்த்து, அந்த வருடத்துக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும். ஒருவர் பாடம் நடத்த மற்றவர் பின்வாங்கில் இருந்து கவனிக்கலாம். வெளியிலிருந்து ஒரு வளவாளரை அழைக்கலாம். இது தர்மமல்ல, கடன். திருப்பிக் கொடுப்பவர்களில் நீங்களும் ஒருவர்.

நம் நிலைமை கொஞ்சம் வேறு. 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது நான் நான்காம் வகுப்புப் பிள்ளை. பிறகு புத்தளத்தில் படித்தேன். காலையில் ஊர்ப் பிள்ளைகள் இருந்து எழுந்த வாங்கில் பின்னேரம் நாங்கள் இருந்தோம். திரும்பி வந்த குடும்பங்கள் கொஞ்சம். அதனால் வகுப்புகளும் சிறியவை. விஞ்ஞானத்துக்கு ஒரே ஆசிரியை என்றால் அவர் பாடத்தை யார் பார்த்துக் குறை நிறை சொல்வது? அவரைவிட அந்தப் பாடம் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லையே!

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை இதற்கு ஒரு வழி கண்டார். பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியைகள் இருவருடன் சனிக்கிழமைகளில் கூடினார். முதல் இரண்டு வாரம் மூவருக்கும் கூச்சமாம். பிறகு ஒருவர் தயாரித்த பாடத்தை மற்றவர் திருத்தத் தொடங்கினார்கள். வகுப்பறைச் செயற்பாட்டுக்கென்று கிடைத்த சிறு தொகையில் மின்கலம், சின்ன மின்குமிழ், கம்பி வாங்கினார்கள். அதுவரை மின்சுற்றைக் கொப்பியில் மட்டும் வரைந்த ஒரு பிள்ளை, "டீச்சர், எரியுது!" என்று கத்தியதை அடுத்த வகுப்பில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்த நானும் கேட்டேன். என் பாடம் அன்று அத்தோடு சரி.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் மதிலையும் மலசலகூடத்தையும் பரிசளிப்பு விழாவையும் பேசுகிறோம். அவையும் தேவைதான். வாப்பாமார் கடையை விட்டு வர முடியாததால் கூட்டத்தில் பெரும்பாலும் உம்மாமார்தான் இருக்கிறீர்கள். இவ்வருடம் ஆசிரியர் பயிற்சிக்கு என்ன திட்டம், எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மாறாக, பயிற்சிக்குப் போன நாளில் "டீச்சர் இன்றைக்கும் லீவாம்" என்று முறைப்பாடு வருகிறது.

கேள்வி கேட்ட தாயிடம் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்கட மகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற டீச்சர் கடைசியா எப்ப பயிற்சிக்குப் போனவ, மௌலவி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் கேளுங்கள் என்றேன்.