குறை என் காதில் இல்லை

"ஐயா, ஃபைல்ல ஒண்ணும் மாறல. வயசானா காது அப்படித்தான் கேக்கும்."

பாட்டுப் பதிவு செய்யும் ஓர் இளைஞர் எனக்குச் சொன்ன பதில் இது. இதே பதிலை உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு, "சரிதான் போல" என்று வாயை மூடிக்கொண்டும் இருப்பீர்கள். நான் மூடிக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் அக்காவுக்கு வயது 81. மேடை ஏறியதே இல்லை. பூசை அறையில் பாடியே கழிந்த குரல். மூச்சிரைப்பு வந்து வரவரப் பாட முடியாமல் போனதால், இருக்கும்போதே பதிந்து வைப்போம் என்று அரைநாள் ஒரு ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தோம். ஆறு பாட்டு. தம்புராவும் குரலும் மட்டுந்தான். பதிந்து, மிக்ஸ் செய்து, அங்கேயே போட்டுக் காட்டினார்கள். அக்கா எதிரில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. என் கண் கலங்கியது உண்மை.

இரண்டு நாள் கழித்து ஃபைல் வந்தது. வீட்டில் போட்டால் தம்புரா கூடத்தில் இருக்கிறது, அக்கா எங்கோ சமையற்கட்டில் இருந்து பாடுகிறாள். முதல் பாட்டு முடியும்முன் அக்கா சொன்னாள்: "நிறுத்து தம்பி. இது என் குரல் இல்லை."

இனி அவளால் திரும்பப் பாட முடியாது. இருப்பது அந்த ஃபைல் ஒன்றுதான். அதனால்தான் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

முதலில் காது விஷயம். வயதானால் கீச்சென்ற மேல் ஒலிகள் காதில் குறையும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை ஸ்டுடியோவில் கேட்டதும் இதே காதுதான், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேட்டதும் இதே காதுதான். இரண்டு நாளில் எனக்கு இருபது வயது கூடவில்லையே! காது கெட்டிருந்தால் இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் அல்லவா கெட்டுக் கேட்க வேண்டும்?

அடுத்த சாக்கு, "எம்பி3 ஆக்கினா அப்படித்தான் ஐயா" என்பது. எம்பி3 நம் காது கவனிக்காமல் விடக்கூடியதைத்தான் கழிக்கிறது. மிகவும் சுருக்கினால் 'ச', 'ஸ' ஒலிகள் கரகரக்கும், ஜால்ரா சத்தம் தண்ணீரில் நனைந்தாற்போல் கேட்கும். எனக்கு வந்ததோ 320 கிலோபிட் ஃபைல். அது பாடகியைச் சமையற்கட்டுக்கு அனுப்பாது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். எங்களுக்கு நாள் தவறாமல் 'திக்தே' உண்டு. வாத்தியார் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். எழுதி முடித்ததும் அவர் முதலிலிருந்து இன்னொரு முறை வாசிப்பார், நாங்கள் எழுதியதைச் சரிபார்ப்போம். அதன் பிறகே நோட்டைக் கொடுக்க வேண்டும். பின்னாளில் அரசு வேலையில் 'கொப்பி கோன்ஃபோர்ம்', அதாவது உண்மை நகல், என் மேசையில் வந்து விழுந்தது. ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே வருவார். ஒரு புள்ளி பிசகினாலும் கையெழுத்துப் போட மாட்டோம். நகல் தவறாக இருக்கிறது என்று வந்தவரிடம் "உன் கண்ணைக் காட்டு" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இவர்கள் இதற்கு 'எக்ஸ்போர்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் புதுச்சேரிக்கு ஏற்றுமதி புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கே நீலச் சாயமேற்றிய 'கினே' துணி செனெகல் வரை போய் விற்றது. அங்கே போய் இறங்கிய துணியின் சாயம் வெளுத்திருந்தால், வாங்குகிறவன் கண்ணைக் குறை சொல்லித் தப்பித்திருக்க முடியுமா?

ஆகவே திரும்பவும் ஸ்டுடியோவுக்குப் போனேன். "மூலத்தையும் நகலையும் இதே ஸ்பீக்கரில், ஒரே சத்த அளவில், மாற்றி மாற்றிப் போடுங்கள்" என்றேன். ஒரே அளவு என்பது முக்கியம். சத்தம் குறைந்தால் நம் காதுக்குக் கீழ் ஸ்வரங்கள் மற்றவற்றைவிட அதிகமாகக் குறைந்து கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே அளந்து சொன்னது இது. அளவு வேறானால் ஒப்பிட்டதாகவே ஆகாது.

இன்னொரு சோதனையும் உண்டு. நகலின் ஒலி அலையைத் தலைகீழாக்கி, மூலத்தோடு சேர்த்து ஓட்டுவது. இரண்டும் ஒன்றானால் ஒன்றையொன்று தின்று நிசப்தமாகிவிடும். மிஞ்சுவதுதான் வித்தியாசம். செய்து பார்த்தோம். நிசப்தம் வரவில்லை. அக்கா குரல் எழும்பிய இடமெல்லாம் ஏதோ மிஞ்சி நின்றது.

இளைஞர் முகம் மாறியது. கடைசியில் காரணம் அகப்பட்டது. ஃபைலை வெளியே எடுக்கும்போது 'லிமிட்டர்' என்ற ஒன்றைப் பலமாகப் போட்டிருக்கிறார். அது உயர எழும் ஒலியைத் தலையில் தட்டி அமுக்கும். பிறகு மொத்தத்தையும் தூக்கும். எழும்பியது அக்காவின் குரல், அது அமுங்கியது. அடங்கி ஒலித்தது தம்புரா, அது மேலே வந்தது. ஏன் போட்டீர்கள் என்றால், "எல்லாப் பாட்டும் சத்தமாத்தான் ஐயா குடுப்போம்" என்கிறார்.

யாருக்காக இந்தச் சத்தம்? ஸ்பாட்டிஃபையில் போட்டால் அது வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற அளவுக்கு இறக்கிவிடுகிறது. யூடியூபும் சத்தமான பாட்டை இறக்கித்தான் ஓட்டுகிறது. கூட்டிய சத்தம் அங்கே போய்விடும். அமுக்கிய குரல் அமுங்கியபடியே இருக்கும். திருவிழாக் குழாய் ஒலிபெருக்கிக்காரர்கூட மைக்கைப் பாடுகிறவர் வாய்க்கு நேரே வைப்பார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். என் பக்கமும் குற்றம் இருந்தது. வீட்டில் டிவியோடு சேர்த்த ஸ்பீக்கரில் யாரோ 'மூவி' என்ற ஏற்பாட்டை வைத்திருந்தார்கள். அது கீழ் ஒலியை ஏற்றிக் கொடுத்து, தம்புராவை இன்னும் தடியாக்கியிருந்தது. வெறும் சுவரும் மொசைக் தரையும் கொஞ்சம் எதிரொலித்தன. இவற்றுக்கு ஸ்டுடியோ பொறுப்பல்ல. உங்கள் வீட்டுப் பாட்டு வேறாகக் கேட்டால் முதலில் இந்த ஜோடனைகளை எல்லாம் அணைத்துவிட்டுக் கேளுங்கள். சுருதியே இறங்கி, பாட்டு மெதுவாக ஓடினால், 48,000 கணக்கில் பதிந்ததை 44,100 கணக்கில் ஓட்டுகிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கிவிடும். அது கருவியின் கணக்குப் பிழை, உங்கள் காதின் பிழை அல்ல.

லிமிட்டரை எடுத்துவிட்டு வேறு ஃபைல் கொடுத்தார். முன்னதைவிடச் சத்தம் குறைவுதான். பொத்தானை இரண்டு தடவை கூட்டி அமுக்கினேன், தீர்ந்தது.

காசு வாங்கிப் பதிகிறவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். கொடுக்குமுன் மிக்ஸையும் ஃபைலையும் அருகருகே ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு சாதாரண ஃபோனிலும் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாதவருக்கு என் காதைப் பற்றிப் பேச உரிமை இல்லை.

புது ஃபைலை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். நான்காவது பாட்டில் கையைத் தூக்கி, "இந்த இடத்திலே மூச்சு வாங்கிட்டேன், கேக்குது பார்" என்றாள். எனக்கும் கேட்டது.