மீன் மிதக்கவில்லை என்பது சாட்சி ஆகாது

நெல் வயலுக்கு மருந்து அடித்த மறுநாள் வடிகால் வாய்க்காலை எட்டிப் பார்க்கிறோம். மீன் எதுவும் செத்து மிதக்கவில்லை. “ஒண்ணும் ஆகலை” என்று திரும்பிவிடுகிறோம். இந்த நிம்மதிக்குத் துணை நிற்கும் நான்கு வாதங்களை மீனின் இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1. “மீன் சாகவில்லை, ஆகவே பாதிப்பில்லை.”

சாவு கடைசிக் கட்டம். 96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்லும் அளவை ஆய்வகங்கள் முதலில் கணக்கிடுகின்றன. அதில் சிறு பங்கை மட்டும் கலந்த தொட்டியில் ரோகுவையும் விராலையும் வளர்த்த பல ஆய்வுகளில், மீன் பிழைத்தே இருந்தது. ஆனால் அதன் சிவப்பணு எண்ணிக்கையும் ஹீமோகுளோபினும் இறங்கியிருந்தன. மீனுக்கு இரத்தம் ஊறுவது எலும்பு மஜ்ஜையில் அல்ல. முக்கியமாகத் தலைப்பக்கச் சிறுநீரகத்தில். நஞ்சு அங்கே தாக்கினால், அழியும் அணுக்களுக்கு ஈடாகப் புது அணுக்கள் வருவதில்லை. அந்த மீன் நீந்தும், இரையும் எடுக்கும். ஆனால் சோகை பிடித்தவர் மாடிப்படி ஏறுகிற கதைதான்.

2. “கொஞ்சம்தானே, தண்ணீரில் கரைந்துவிடும்.”

சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து பல மீன்களைக் கொல்ல லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்றால், பத்து லட்சம் லிட்டருக்கு ஒரு கிராம். தவிர, அது தண்ணீரில் எளிதில் கரைகிற பொருளும் அல்ல. சேற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். செவுளில் இரத்தத்தையும் தண்ணீரையும் பிரிப்பது மிக மெல்லிய படலம். தண்ணீரில் எஞ்சும் நஞ்சு மூச்சோடு சேர்ந்தே உள்ளே ஏறுகிறது.

3. “டப்பாவில் சிவப்புக் குறி இல்லையே.”

டப்பாவில் உள்ள சாய்சதுரத்தின் நிறம், எலி போன்ற பாலூட்டிகளிடம் பார்த்த நஞ்சளவை வைத்துப் போடப்படுகிறது. அது தெளிக்கிறவருக்கான எச்சரிக்கை. மீனைப் பற்றி எதுவும் சொல்லாது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகளை நம் உடல் வேகமாகச் சிதைத்து வெளியேற்றும். மீனுக்கு அந்த வேகம் கிடையாது.

4. “வலையில் பிடித்தாலே மீனின் இரத்தம் மாறும், நல்ல தண்ணீர் வந்தால் தேறிவிடும்.”

இதில் பாதி உண்மை. பிடிபட்ட பதற்றத்திலேயே மீனின் இரத்தச் சர்க்கரை ஏறும். பருவம், வயது, பால் இவற்றுக்கேற்பவும் அணுக்கணக்கு மாறும். அதனால்தான் மருந்து படாத மீன்களையும் அதே விதமாக வளர்த்து, அதே விதமாகப் பிடித்து ஒப்பிடுகிறார்கள். இன்னொரு சாட்சியும் உண்டு. நம்முடையதைப் போலன்றி மீனின் சிவப்பணுவில் உட்கரு இருக்கிறது. மரபுப் பொருள் சிதைந்தால் உட்கருவின் அருகே துண்டாக நுண்கரு தெரியும். வலையில் துள்ளிய சில நிமிடங்களில் உருவாகிற மாற்றம் அல்ல அது.

நல்ல தண்ணீரில் மீன் தேறுவதும் உண்மைதான். ஆனால் ஒரே போகத்தில் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கும் ஊரில், தேறுவதற்கு அவகாசம் எங்கே?

ஆகவே மருந்து அடித்த வயலின் தண்ணீரைச் சில நாட்களாவது வரப்புக்குள் நிறுத்தி வையுங்கள். ஸ்பிரேயரை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவாதீர்கள். செத்த மீன் மிதக்கும்வரை காத்திருந்தால், அதன் இரத்தம் முன்பே சொன்னதை நாம் கேட்கவில்லை என்றுதான் பொருள்.